கூரை கைமாறியது, காசு கைமாறவில்லை

வீட்டை விற்றவருக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தது. வாங்கியவருக்கு மாதாமாதம் மின்சார பில் வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே கூரை. 2018-ல் சிரம்பானில் நான் நடத்திய இந்த வழக்கை எந்தச் சட்ட இதழிலும் தேடிப் பார்க்க முடியாது. சமரசத்தில் முடிகிற வழக்குகளை அச்சில் ஏற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனாலும் கூரையில் சோலார் உள்ள வீட்டை வாங்கவோ விற்கவோ யார் என் அலுவலகப் படியேறினாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கட்சிக்காரர்களின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வாங்கியவர் லோரி ஓட்டுநர். ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். விற்றவர் அதே தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்கு இந்த இரண்டு வரிகளில் இருக்கும் கனம் புரியாது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவர் கிராணி. பால் நிறுக்கும்போது எடையை எழுதுகிறவர் அவர். முழுப் பேரா, அரைப் பேரா, அதாவது முழு நாள் கூலியா பாதியா என்பது அவருடைய பேனா முனையில் இருந்தது. மழை பெய்து வெட்டு நின்ற நாளில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் அந்தக் குடும்பத்தின் சம்பளம். நல்ல கிராணிகள் இருந்தார்கள், மோசமானவர்களும் இருந்தார்கள். இவர் நல்லவர் என்றே லோரி ஓட்டுநரின் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர், காசு வாங்காதவர் என்றார்.

அந்தத் தோட்டத்தில் லோரி ஓட்டுநர் சிறுவனாக இருந்தபோது கரண்டு ஜெனரேட்டரில் வந்தது. மாலையில் ஓட்டுவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். நெகிரி செம்பிலானில் மட்டுமல்ல, நாட்டின் பல தோட்டங்களில் 1980-கள் வரை இதுதான் நிலைமை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச தரத்தை வகுத்த 446-ஆவது சட்டமே 1990-ல்தான் வந்தது. துரை பங்களாவில் விடிய விடிய விளக்கு எரியும், லயத்தில் பத்து மணிக்கு இருட்டு. அப்படிப்பட்ட தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு கிராணியார் ஓய்வுக் காலத்தில் தன் கூரையிலிருந்து தெனாகா நேஷனல் மின் நிறுவனத்துக்கே மின்சாரம் விற்றார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு ரசிப்பு உண்டு. எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் ரசிக்கலாம் அல்லவா?

அவர் அதைச் செய்த விதம் இது. 2011-ல் நாடாளுமன்றம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 725-ஆவது சட்டம். அதோடு சேர்ந்து பிறந்தது 726-ஆவது சட்டம். செடா என்று நாம் சொல்லும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது அதுதான். 2011 டிசம்பர் 1 முதல் ஃபிட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூரையில் சோலார் தகடு பொருத்திக்கொள்பவரிடமிருந்து மின்சாரத்தை நிர்ணயித்த விலையில் 21 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக உறுதி கொடுக்கும் திட்டம் அது. 2012-ல் சேர்ந்தவர்களுக்கு, 4 கிலோவாட் வரை உள்ள சிறிய அமைப்பு என்றால், யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசு. கட்டடத்தின்மேல் பொருத்தியிருந்தால் கூடுதலாக 26 காசு. அதே காலத்தில் நம் வீடுகளுக்குத் தெனாகா முதல் 200 யூனிட்டை 21.8 காசுக்கு விற்றது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இருந்த இந்தப் பள்ளத்தை நிரப்ப மின்சார பில்லில் ஒரு கூடுதல் கட்டணம் சேர்த்தார்கள். முதலில் 1 விழுக்காடு, 2014 முதல் 1.6 விழுக்காடு. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அது கிடையாது. ஏர்கோன் போடுகிற குடும்பங்கள் இன்றும் தங்கள் பில்லில் அந்த வரியைப் பார்க்கலாம்.

கிராணியார் 2012-ல் சேமநிதிப் பணத்தை எடுத்துத் தன் ஒருமாடி வரிசை வீட்டின் கூரையில் பதினாறு தகடுகளைப் பொருத்தினார். நம் வெயிலில் 4 கிலோவாட் அமைப்பு மாதத்துக்கு ஏறக்குறைய 400 யூனிட் தரும். யூனிட்டுக்கு 1 வெள்ளி 49 காசு என்று பெருக்கினால் மாதம் அறுநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. 2012 டிசம்பரில் தொடங்கிய கணக்கு 2033 டிசம்பரில் முடியும். தோட்டத்துக் கிராணிக்கு அரசாங்க ஓய்வூதியம் கிடையாது. இதைத்தான் அவர் தன் பென்ஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

2017 கடைசியில் மனைவி இறந்த பிறகு ஜொகூரில் மகன் வீட்டுக்குப் போக முடிவு செய்து வீட்டை விலைக்கு விட்டார். அந்தத் தாமானில் அதே அளவு வீடுகள் 215,000 வெள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தன. இவர் 250,000 கேட்டார். லோரி ஓட்டுநர் வீட்டைப் பார்க்க வந்தபோது தன் வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். அன்றிரவு வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்தும் அனுப்பினார். கீழே ஒரு வரி: “மாசம் இவ்வளவு வருது, 2033 வரைக்கும்.” வங்கியின் மதிப்பீட்டாளர் 215,000-க்குமேல் மதிப்புப் போட மறுத்துவிட்டார். கூரையின் வருமானத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கடன் அந்த மதிப்பின் மேல்தான் கிடைத்தது. மீதியை லோரி ஓட்டுநர் தன் சேமநிதியிலிருந்தும் மனைவியின் நகையிலிருந்தும் திரட்டினார்.

ஒப்பந்தம் தயாரித்தது வேறு ஒரு வழக்கறிஞர் அலுவலகம். நம் ஊரில் பழைய வீட்டு விற்பனைக்கு அரசு வகுத்த படிவம் கிடையாது. மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கும்போதுதான் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகளின் ஜி, எச் அட்டவணைகள் வரும். அவற்றில் ஒரு எழுத்தை மாற்றக்கூட முடியாது. கைமாறும் வீட்டுக்கு ஒவ்வொரு அலுவலகமும் தன் கணினியில் ஒரு வார்ப்பு வைத்திருக்கும். பெயரையும் கிராண்ட் என்ற நிலப்பத்திரத்தின் எண்ணையும் விலையையும் மாற்றினால் வேலை முடிந்தது. இந்த ஒப்பந்தத்திலும் வழக்கமான வாசகம் இருந்தது: வீடு இருக்கிற நிலையில், அதனுடன் பொருத்தப்பட்ட அனைத்தும் சேர்த்து விற்கப்படுகிறது. நிலவரி, கதவு வரி, தண்ணீர்க் கட்டணம், மின்கட்டண முன்பணம் எல்லாவற்றையும் யார் எந்தத் தேதி வரை கட்டுவது என்று பத்திபத்தியாக இருந்தது. சோலார் என்ற சொல் இல்லை.

சாவி கைமாறி ஒரு மாதம் கழித்து தெனாகாவின் பில் வந்தது. வழக்கமான பில். லோரி ஓட்டுநரின் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினார். “கூரை பூரா சோலாரு, பில்லு எப்படிங்க வரும்?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபிட் திட்டத்தில் கூரையில் விளைகிற மின்சாரம் வீட்டுக்குள் வருவதே இல்லை. தனி மீட்டர் வழியாக முழுவதும் வெளியே போய்விடும். வீடு எப்போதும்போல் தெனாகாவிடம் வாங்கும். லாபம் பில்லில் தெரியாது, வங்கிக் கணக்கில்தான் தெரியும். அந்த வங்கிக் கணக்கு இன்னும் கிராணியாருடையது. இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் காட்டினேன். குளிர்சாதனம் போட்டதால் அவர்கள் பில் 300 யூனிட்டைத் தாண்டியிருந்தது. அதனால் அந்த 1.6 விழுக்காடும் அதில் இருந்தது. அவர்கள் கூரைக்காக கிராணியாருக்குப் போன பணத்தில் அவர்களுடைய சில காசுகளும் இருந்தன. அவர் சிரித்தார். அந்த வழக்கில் அவர் சிரித்த ஒரே சமயம் அதுதான்.

சட்டத்துக்குப் போவதற்கு முன் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. லோரி ஓட்டுநரின் அம்மா ஒரு நாள் மகனோடு அலுவலகத்துக்கு வந்தார். வெற்றிலைப் பையை மடியில் வைத்தபடி என்னிடம் எதுவும் கேட்காமல் மகனிடமே பேசினார். “நமக்குப் பேரு போட்ட மனுசன்மேலயா கேசு போடப் போற?” மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மரம் நம்மகிட்ட இருக்கு, மங்கு அவருகிட்ட இருக்கும்மா. வெட்டுற கூலிகூட நமக்கு இல்ல.” நாற்பது ஆண்டுகள் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு கட்டியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்புங்கள், மரியாதையாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மரியாதையாகத்தான் எழுதினேன். கடிதம் கிடைத்ததும் கிராணியார் நேரடியாக என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை, கணக்குப் பேசுகிற நிதானம் இருந்தது. “தம்பி, நான் வித்தது வீடு. செடா காகிதத்துல என் பேரு இருக்கு. போட்ட காசு என்னோட சேமநிதி. அதையும் சேத்து யாராவது விப்பாங்களா?” என்று கேட்டார். வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவரோடுதான் நான் பேச முடியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வைத்த பிறகும் அவருடைய கேள்வி அறையிலேயே இருந்தது. பொய் சொல்லி ஏமாற்றும் ஆள் அல்ல அவர். வீட்டையும் கூரை வருமானத்தையும் மனதில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார். சட்டமும் ஏறக்குறைய அப்படியேதான் பிரித்து வைத்திருந்தது. அதுதான் என் தலைவலி.

இந்த இடத்தில் வெளிநாட்டு வாசகர்கள் சிலர் கேட்கலாம்: வீட்டின் எரிசக்தி நிலவரத்தை விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டாமா? இங்கிலாந்தில் வேண்டும். 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதியின் தொடர்ச்சியாக, 2007 முதல் அங்கே படிப்படியாக எல்லா வீட்டு விற்பனைக்கும் எரிசக்திச் சான்றிதழ் கட்டாயமானது. ஏ முதல் ஜி வரை தரம், பத்து ஆண்டு செல்லுபடி. 2018 ஏப்ரலிலிருந்து ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்கே தடை, சில விலக்குகள் தவிர. பிரான்சில் 2025 தொடக்கத்திலிருந்து ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. பாரிஸ் லா ஷாப்பல் பக்கம் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த எழுத்துகள் மனப்பாடம். குளிர்நாடுகளுக்கு வெப்பம் வெளியே போகாமல் இருப்பது கவலை. நமக்கு வெப்பம் உள்ளே வராமல் இருப்பது கவலை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் படுத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் சட்டம் எங்கெங்கே தொடுகிறது என்று பார்த்தால், வீட்டு விற்பனையைத் தவிர மற்ற இடங்களைத் தொடுகிறது. சீரான கட்டட உபவிதிகளில் 2012-ல் சேர்க்கப்பட்ட 38அ, கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. குடியிருப்புக் கட்டடங்களும் அதில் அடக்கம். ஆனால் அந்த உபவிதிகளை மாநிலங்கள் தனித்தனியாக ஏற்க வேண்டும். ஏற்றாலும் புதிய கட்டடத் திட்டங்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே நிற்கும் வீட்டின் விற்பனைக்கு அல்ல. 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2024, 861-ஆவது சட்டம், பெரிய தொழிற்சாலைகளையும் பெரிய கட்டடங்களையும் நாம் வாங்கும் மின்சாதனங்களையும் குறிவைக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திர ஒட்டு வேண்டும். அது வைக்கப்படும் வீட்டுக்கு எதுவும் வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ நில விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே வாங்குபவர் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும் என்ற பழைய விதிதான் எங்களுக்கு முன்னால் நின்றது.

நான் முதலில் பிடித்தது தகடுகளை. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 5-ஆவது பிரிவில் நிலம் என்ற சொல்லுக்குள் மண்ணோடு நிலையாக இணைந்தவையும், அப்படி இணைந்தவற்றோடு நிலையாகப் பொருத்தப்பட்டவையும் அடங்கும். எது நிலையாகப் பொருத்தப்பட்டது என்பதற்கு நீதிமன்றங்கள் இரண்டு கேள்வி கேட்கும்: எவ்வளவு இறுக்கமாக இணைந்திருக்கிறது, எதற்காக இணைக்கப்பட்டது. 1964-ல் ஷெல் நிறுவனத்துக்கும் கோலாலம்பூர் கூட்டரசுத் தலைநகர் ஆணையருக்கும் நடந்த வழக்கில் பெட்ரோல் நிலையத்தின் அடியில் புதைத்த தொட்டிகள் நிலத்தின் பகுதி என்று தீர்ப்பானது. 1953-ல் கியா எதிர் சோம் வழக்கில் மலாய் பாணி மரவீடு அசையும் சொத்து என்று தீர்ப்பானது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். ஆனால் ஊரே கூடித் தோள் கொடுத்து வீட்டைத் தூக்கி வேறிடத்தில் வைத்த கம்பங்கள் இருந்த நாடு இது. எங்கள் தகடுகள் கூரைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டு, மின்கம்பி சுவருக்குள் இறங்கி மீட்டரில் சேர்ந்திருந்தன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தப் பகுதியில் எங்களோடு சண்டையே போடவில்லை. தகடு உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் புத்திசாலி. தகட்டில் காசு இல்லை என்று அவருக்குத் தெரியும். காசு இருந்தது செடா கொடுத்த அங்கீகாரத்திலும், அதன்மேல் தெனாகாவோடு செய்த மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தத்திலும். அங்கீகாரம் ஒருவரின் பெயருக்குக் கொடுக்கப்படுவது. ஆணையத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வீட்டுக் கிராண்டில் பெயர் மாறிவிட்டதாலேயே அதுவும் மாறிவிடாது. நில அலுவலகத்தில் 14ஏ படிவத்தைப் பதிவு செய்யும்போது அங்கே உள்ள அலுவலருக்குக் கூரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருந்தது. கிராணியாரின் அங்கீகாரம் குறிப்பிட்ட ஒரு முகவரியில் உள்ள அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. அந்த முகவரியில் இப்போது அவருக்கு நுழையும் உரிமைகூட இல்லை. இன்வெர்ட்டர் பழுதானால் பார்க்க முடியாது. தகட்டில் தூசு படிந்தால் துடைக்க முடியாது. உற்பத்தி செய்கிறவர் ஒருவர், உற்பத்தியாளர் என்று கையெழுத்திட்டவர் வேறொருவர் என்ற நிலை தெரியவந்தால் ஆணையம் என்ன செய்யும் என்று இருவருமே யோசிக்க வேண்டியிருந்தது. இருவரும் பிடிவாதம் பிடித்தால் இருவருக்கும் இல்லாமல் போகக்கூடிய சொத்து அது.

வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரைதான் விசாரிக்கும். மிச்சமிருந்த ஏறக்குறைய பதினாறு ஆண்டுகளின் வருமானம், தகடு வயதாகிக் கொஞ்சம் குறைவதைக் கழித்தாலும், அதைத் தாண்டியது. எதிர்த்தரப்பின் பதில் நான் எதிர்பார்த்ததுதான்: எழுத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம், அதற்கு வெளியே பேசியது எதுவும் செல்லாது என்று ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, சாட்சியச் சட்டத்தின் 91, 92-ஆவது பிரிவுகளும் அதையே சொல்கின்றன. அதோடு, கொஞ்சம் விசாரித்திருந்தால் வாங்குபவருக்கே உண்மை தெரிந்திருக்கும் என்றார்கள்.

முதல் வாதத்துக்கு என்னிடம் 1980-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது: டான் சுவீ ஹோ எதிர் அலி உசேன் பிரதர்ஸ். வாடகைக்காரர்கள் டீ மணி கொடுத்து, விரும்பும் காலம்வரை இருக்கலாம் என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திட்ட வழக்கு அது. கையெழுத்துக்கு முன் கொடுத்த வாக்கை நம்பித்தான் ஒருவர் ஒப்பந்தத்துக்குள் வந்தார் என்றால், எழுத்தில் வேறுவிதமாக இருந்தாலும் அந்த வாக்கு நிற்கலாம் என்பது அதன் சாரம். எங்களிடம் வாய்ச்சொல்லைவிட நல்லது இருந்தது. வாட்ஸ்அப்பில் தேதியோடு, நேரத்தோடு, கணக்குப் புத்தகப் படத்தோடு ஒரு வரி. அதோடு 215,000-க்கும் 250,000-க்கும் இடையே இருந்த 35,000 வெள்ளி. பக்கத்து வீடுகளைவிட அவ்வளவு கூடுதலாகக் கொடுத்தவர் வெறும் கண்ணாடித் தகடுகளுக்காகவா கொடுத்திருப்பார்? அந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை.

இரண்டாவது வாதம் எனக்குக் கவலை தந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருந்தவர், தவறான தகவலால் ஏமாந்தேன் என்று ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. லோரி ஓட்டுநருக்கு அந்த வாய்ப்பு இருந்ததா? செடாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். அவருக்கு வழக்கறிஞர் ஒருவர் இருந்தார், வங்கிக்கு இன்னொருவர் இருந்தார், சொத்து ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். காசு வாங்கிக்கொண்ட இத்தனை பேர் கேட்காத கேள்வியை அவர் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் கசக்கும் வாதம். அதற்காக நீதிமன்றத்தில் அது தோற்கும் என்று உறுதி சொல்லவும் முடியாது. நாங்களோ வீட்டைத் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. பிள்ளைகள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள்.

நல்லவேளை, விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியது. சிவில் வழக்குகளில் நீதிபதி ஒருவரே கட்டணமில்லாமல் நடுவராக உட்காரும் ஏற்பாடு நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. அந்த அறையில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே யார் என்ன விட்டுக்கொடுக்க முன்வந்தார்கள் என்று எழுத மாட்டேன். அறைக்கு வெளியே நடந்ததை மட்டும் சொல்கிறேன். நடைபாதை பெஞ்சில் கிராணியார் உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டுநர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பழக்கம். “உக்காருடா” என்றார் கிராணியார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சு போயிற்று. நானும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றோம்.

முடிவு இணக்கத் தீர்ப்பாகப் பதிவானது. முப்பது நாளுக்குள் இருவரும் சேர்ந்து அங்கீகாரத்தை மாற்றித் தரச் சொல்லிச் செடாவுக்கு மனு செய்வது. தெனாகா ஒப்பந்தமும் அதன்படி பெயர் மாறுவது. ஒப்புதல் வரும்வரை கிராணியாரின் கணக்கில் விழும் பணத்தை அவர் வாங்கியவருக்காக வைத்திருந்து மாதாமாதம் அனுப்புவது. சாவி கொடுத்த நாளிலிருந்து அதுவரை வந்த பணம் ஆளுக்குப் பாதி. செலவு அவரவருடையது. பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தம் இருந்தது. சட்டப்படி இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். கட்சிக்காரருக்கு வருத்தம் இல்லை. அது அவருடைய பணம், அவருடைய கிராணியார். அடுத்த சில மாதங்களில் ஒப்புதலும் வந்தது.

கிராணியார் ஃபிட்டில் சேர்ந்த பிறகு திட்டங்கள் மாறிவிட்டன. 2016 நவம்பரில் தொடங்கிய நெம் என்ற நிகர மீட்டர் திட்டத்தில் மின்சாரம் முதலில் வீட்டுக்குள்தான் வரும், மிச்சம் வெளியே போகும். கையில் காசு வராது, பில்லில் கழிவு வரும். 2021-ல் வந்த நெம் ரக்யாட்டில் அந்தக் கழிவு பத்து ஆண்டுகளுக்கு. அங்கே ஒப்பந்தம் தெனாகா கணக்கோடு ஒட்டியிருப்பதால் பிரச்சினை வேறு வடிவில் வரும்: கணக்கைப் பெயர் மாற்றும்போது சோலார் ஒப்பந்தத்தையும் சேர்த்து மாற்ற மறந்துவிடுவார்கள். இன்னும் ஒரு வகை இருக்கிறது, அதுதான் இப்போது என்னை அதிகம் பயமுறுத்துகிறது. முன்பணம் இல்லாமல் நிறுவனமே தகடுகளைப் பொருத்திக் கொடுத்து, மாதத் தவணை வாங்கும் குத்தகை. அந்தக் கூரையில் இருப்பது விற்பவரின் சொத்தே அல்ல. “பொருத்தப்பட்ட அனைத்தும் சேர்த்து” என்று விற்பவர் கையெழுத்திட்டால், இன்னொருவரின் பொருளை விற்கிறார் என்று அர்த்தம்.

நீலாய், லாபு, சிரம்பான் பக்கம் தோட்டங்கள் தாமான்களாகிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் முதன்முறையாகத் தங்கள் பெயரில் கிராண்ட் வாங்குகிறார்கள், பல கூரைகளில் சோலார் மின்னுகிறது. அப்படி ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லுங்கள்: கூரையில் இருப்பது ஃபிட்டா, நெம்மா, குத்தகையா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்; அங்கீகாரக் கடிதத்தின் நகலையும் கடைசி ஆறு மாத பில்களையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள்; பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் வரும்வரை விலையில் ஒரு பகுதியை வழக்கறிஞர் கையில் நிறுத்தி வையுங்கள். சொத்து லாப வரிக்காக மூன்று விழுக்காட்டை நிறுத்தி வைப்பது நமக்குப் பழகிய காரியம்தான், இதுவும் அதுபோல் ஒரு வாசகம். கூடுதல் கட்டணம் கேட்கும் வழக்கறிஞர் இருந்தால், எனக்குத் தெரிந்தவரை, அவர் நியாயமாகக் கேட்கவில்லை. விற்கிறவர்களும் கேளுங்கள்: வருமானத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்காது. வீடு போனபின் அந்த அங்கீகாரத்துக்குக் காலூன்ற இடமில்லை. அதை விலையில் சேர்த்து விற்றுவிடுங்கள், சேர்த்ததை எழுதுங்கள்.

லோரி ஓட்டுநரின் கூரை இன்னும் தெனாகாவுக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. அங்கீகாரம் அவர் பெயரில் இருக்கிறது. 2033 டிசம்பரில் முடியும்.